ஊட்டி உயரத்தில் ட்ரோனைக் கட்டிவைத்துச் சோதிப்பது

முதலில் புரொப்பெல்லர் மாட்டாமலே நான்கு மோட்டாரும் சரியான திசையில் சுற்றுகின்றனவா என்று பாருங்கள். இதைத் தாண்டிப் போகவே கூடாது.

ட்ரோன் மேலே இழுக்கும் உச்ச விசை 4 கிலோ என்றால், அதைக் கட்டும் பலகையில் குறைந்தது 12 கிலோ மணல் மூட்டை வையுங்கள். முளைக்குச்சி வேண்டாம், மழையில் ஊறிய நீலகிரி மண்ணில் அது உருவிக்கொண்டு வந்துவிடும். நான்கு கால்களிலும் சம நீளக் கயிறு கட்டுங்கள். ட்ரோன் பலகையில் இருக்கும்போதே தொங்கும் கயிற்றைக் கையால் மேலே தூக்கிப் பாருங்கள். புரொப்பெல்லரைத் தொட்டால் நீளம் அதிகம்.

கயிறு இறுகிய நிலையில் பிஐடி அளவுகளை, அதாவது சாய்வை எவ்வளவு திருத்தவேண்டும் என்று ட்ரோனின் கன்ட்ரோலருக்குச் சொல்லும் எண்களை, சரிசெய்யாதீர்கள். சாய்வைத் திருத்த முடியாத கன்ட்ரோலர் திருத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகும். ஒரு பக்க மோட்டார்கள் முழு வேகத்தில் சீறி, ட்ரோன் கவிழும். அதிர்வு, மோட்டார் சூடு, ரிமோட்டை அணைத்தால் ஃபெயில்சேஃப் (சிக்னல் அறுந்தால் தானாக இயங்கும் பாதுகாப்பு ஏற்பாடு) வேலை செய்கிறதா என்பவற்றுக்கே இந்தச் சோதனை.

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே எடையைத் தூக்க மோட்டார் சுமார் 12 சதவீதம் வேகமாகச் சுற்றவேண்டும். கோயம்புத்தூரில் பார்த்த த்ராட்டில் (மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் விசை) அளவு இங்கே போதாது. குளிரில் லிப்போ பேட்டரியின் வோல்டேஜும் சட்டென இறங்கும். 20 டிகிரிக்குமேல் வெதுவெதுப்பாக வைத்திருந்து மாட்டுங்கள்.

கண்ணாடி அணிந்து, 5 மீட்டர் தள்ளி நில்லுங்கள். புரொப்பெல்லர் சுற்றும் மட்டத்துக்கு நேராக யாரும் நிற்கக்கூடாது.