அமெரிக்கப் பள்ளியில் இனவெறி பற்றிய பாடம்: சட்டத்தை எப்படிப் படிப்பது?

"கிரிட்டிகல் ரேஸ் தியரிக்குத் தடை" (சுருக்கமாக சி.ஆர்.டி., இனவெறி தனிமனிதர்களிடம் மட்டுமல்ல, சட்டங்களிலும் அமைப்புகளிலும் ஊறியிருக்கிறது என்னும் கோட்பாடு) என்று செய்தி பார்த்ததும் கட்சி கட்டிக்கொண்டு சண்டைக்குப் போகாமல், முதலில் உங்கள் மாநிலச் சட்டத்தையே திறந்து படியுங்கள். உதாரணத்துக்கு, ஓக்லஹோமாவின் 2021 சட்டத்தில் (ஹெச்.பி. 1775) அந்தப் பெயரே கிடையாது.

அப்புறம், தடை எந்தச் செயலுக்கு என்று பாருங்கள். பாடம் கேட்டு ஒரு குழந்தைக்குக் குற்ற உணர்வு வந்தால் அது மீறல் இல்லை. "உன் இனத்துக்காக நீ குற்ற உணர்வு கொள்ள வேண்டும்" என்று கற்பிப்பதுதான் தடை. மாநிலப் பாடத்திட்டத்தில் இருப்பதை நடத்தலாம் என்றும் சட்டமே சொல்கிறது, அந்த மாநிலத்தின் டல்சா நகரில் வெள்ளையர் கும்பல் கறுப்பின மக்களைக் கொன்ற 1921 டல்சா படுகொலை அதில் இருக்கிறது. ஆனால் புகார் வந்தால் ஆசிரியர் உரிமத்துக்கே ஆபத்து என்று பயப்படும் ஆசிரியர் இவ்வளவு நுணுக்கமாகப் பிரித்துப் பார்ப்பாரா? எனக்குச் சந்தேகம்தான்.

இரு தரப்பையும் அவரவர் வாயாலேயே கேளுங்கள். நிறத்தை வைத்துப் பிள்ளைகள்மேல் பழி சுமத்தாதீர்கள் என்கிறார்கள் சட்டத்தை ஆதரிக்கும் குடியரசுக் கட்சியினர் பலர். சட்டத்தின் சொற்கள் தெளிவில்லாமல் இருப்பதால் வரலாறே வெட்டுப்படுகிறது என்கிறார்கள் எதிர்ப்பவர்கள்.

சட்டம் இன்னும் முழுசாக நடப்பில் இருக்கிறதா என்றும் பாருங்கள், 2024இல் ஒரு கூட்டாட்சி நீதிபதி ஓக்லஹோமா சட்டத்தின் சில பகுதிகளை நிறுத்திவைத்தார்.

கடைசியாக ஆசிரியரிடம் போங்கள். "சி.ஆர்.டி. நடத்துறீங்களா?" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். டல்சா பாடத்துக்கு என்ன வாசிக்கக் கொடுக்கிறீர்கள் என்று கேளுங்கள். பதில் சரியாக வரவில்லை என்றால் பள்ளி வாரியக் கூட்டத்தில் பேசப் பெயர் கொடுங்கள். சில நிமிடம்தான் கிடைக்கும், எழுதி எடுத்துப் போங்கள்.