பழைய பாலிசியை விட்டுப் புதியதற்கு மாறுவோர் மருத்துவப் பரிசோதனையில் செய்யும் தவறுகள்

கைபேசி எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு நிறுவனத்தை மட்டும் மாற்றுவதுபோல ஆயுள் காப்பீட்டையும் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் அநேகம். மருத்துவக் காப்பீட்டில் 2011 முதல் 'போர்ட்டபிலிட்டி' வசதி இருப்பதால் இந்தக் குழப்பம் இயல்பானதே. ஆனால் இந்தியாவில் ஆயுள் காப்பீட்டுக்கு அந்த வசதி கிடையாது. நிறுவனம் மாறுவது என்று நாம் சொல்வதெல்லாம், பழைய ஒப்பந்தத்தைக் கைவிட்டு, இன்றைய வயதில், இன்றைய உடம்போடு, முற்றிலும் புதிய ஒப்பந்தத்துக்கு விண்ணப்பிப்பதுதான். 30 வயதில் டேர்ம் பாலிசி (குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் காப்பீடு) எடுத்தவர் 42 வயதில் மாற முனைந்தால், இடைப்பட்ட 12 ஆண்டுகளில் கூடிய எடையும், எட்டிப்பார்த்த சர்க்கரையும், தினம் காலையில் போடும் ரத்த அழுத்த மாத்திரையும் புதிதாகக் கணக்கில் ஏறும். அன்று எடுத்த பரிசோதனை அறிக்கையை யாரும் கேட்கப்போவதில்லை.

இதை உணராதவர்கள் செய்யும் முதல் தவறுதான் எல்லாவற்றிலும் பெரியது. புதிய நிறுவனத்துக்கு முதல் பிரீமியத்தைக் கட்டியதும், பழைய பாலிசிக்கு வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகும் தொகையை நிறுத்திவிடுகிறார்கள். முதல் பிரீமியம் கட்டினால் பாலிசி கிடைத்துவிட்டது என்று பொருளில்லை. பரிசோதனை முடிவுகளைப் பார்த்த அண்டர்ரைட்டர் (விண்ணப்பத்தை ஏற்பதா என்று முடிவு செய்யும் நிறுவன அலுவலர்), வழக்கமான பிரீமியத்திலேயே ஏற்கலாம். கூடுதல் பிரீமியம் கேட்கலாம். ஆறு மாதம் கழித்து வரச் சொல்லலாம். அடியோடு மறுக்கவும் செய்யலாம். அந்தப் பதில் வருவதற்குள் பழைய பாலிசியின் சலுகைக் காலம் (தவணை தேதி தாண்டியும் பணம் கட்டத் தரும் அவகாசம்; மாதத் தவணைக்கு 15 நாள், மற்றவற்றுக்கு 30 நாள்) முடிந்திருந்தால், அந்தக் குடும்பத்துக்கு இரண்டு பக்கமும் பாதுகாப்பில்லை.

'லேப்ஸ் ஆனால் (பிரீமியம் கட்டாமல் பாலிசி காலாவதியானால்) என்ன, ஐந்து ஆண்டுக்குள் புதுப்பித்துக்கொள்ளலாமே' என்று சிலர் ஆறுதல் சொல்லிக்கொள்வார்கள். புதுப்பிப்பதற்கும் உடல்நல உறுதிமொழி எழுதித் தர வேண்டும். நாள் அதிகமாகியிருந்தால் பரிசோதனையும் உண்டு. இங்கேதான் பலரும் எதிர்பாராத ஒரு சிக்கல் காத்திருக்கிறது. புதிய நிறுவனத்தின் பரிசோதனையில் சர்க்கரை இருப்பது தெரியவந்து விண்ணப்பம் மறுக்கப்பட்டால், அந்தச் செய்தி இப்போது உங்களுக்கும் தெரிந்த செய்தி. பழைய நிறுவனத்தின் உறுதிமொழியில் அதை மறைக்க முடியாது. மறைத்தால் அது பொய். மாறுவதற்காகக் கொடுத்த ஒரு குப்பி ரத்தம், திரும்பிப் போகும் வழியையும் அடைத்துவிடக்கூடும்.

ஆகவே விண்ணப்பம், பரிசோதனை, நிறுவனத்தின் ஒப்புதல், பாலிசி பத்திரம் கைக்கு வருவது, அதை வரிவரியாகப் படித்துப் பார்ப்பது ஆகிய அனைத்தும் முடிந்த பிறகே பழையதைத் தொட வேண்டும். இடையில் இரண்டு பிரீமியம் கட்ட நேர்வது இந்த மாற்றத்தின் செலவு என்றே கொள்ள வேண்டும். இன்னொரு கணக்கும் உண்டு. 2015இல் திருத்தப்பட்ட காப்பீட்டுச் சட்டத்தின் 45ஆம் பிரிவின்படி, பாலிசி தொடங்கி மூன்று ஆண்டுகள் முடிந்துவிட்டால், எந்தக் காரணத்தைக் காட்டியும் நிறுவனம் அதைக் கேள்விக்குட்படுத்த முடியாது. பன்னிரண்டு ஆண்டுப் பழைய பாலிசி அந்தக் கோட்டை எப்போதோ தாண்டிவிட்டது. புதியது பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. தற்கொலை தொடர்பான 12 மாத விலக்கும் (அந்தக் காலத்துக்குள் தற்கொலை நேர்ந்தால் முழுக் காப்புத் தொகை கிடைக்காது என்ற விதி) அப்படியே மறுபடி தொடங்கும். என்னைக் கேட்டால், ஏற்கெனவே நோய் கண்டறியப்பட்டவர் பழைய பாலிசியை விடவே கூடாது. தேவைப்படும் கூடுதல் தொகைக்கு மட்டும் புதிதாக ஒன்று எடுக்கலாம். (2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு ஜிஎஸ்டி இல்லை என்பதைக் காட்டி 'புதுசு எடுத்தால் வரி மிச்சம்' என்று சொல்லும் ஏஜென்டிடம், பழைய பாலிசியின் பிரீமியத்துக்கும் அந்த விலக்கு உண்டு என்று சொல்லிவிடுங்கள்.)

அடுத்த தவறு நுட்பமானது. 'அவர்கள்தான் டெஸ்ட் எடுக்கிறார்களே, இருப்பதை அவர்களே கண்டுபிடித்துக்கொள்ளட்டும்' என்ற எண்ணத்தில், படிவத்தின் உடல்நலக் கேள்விகளுக்கெல்லாம் 'இல்லை' என்று போட்டுவிடுவது. பரிசோதனை என்பது அந்த ஒரு நாளின் படம். மூன்று ஆண்டுகளுக்கு முன் மருத்துவமனையில் தங்கியது அதில் தெரியாது, மாத்திரையால் கட்டுக்குள் இருக்கும் ரத்த அழுத்தமும் தெரியாது. ஆனால் க்ளெய்ம் (காப்பீட்டுப் பணம் கேட்கும் கோரிக்கை) வரும்போது, அதுவும் முதல் மூன்று ஆண்டுகளுக்குள் வந்தால், நிறுவனம் மருத்துவமனை ஏடுகளைத் தேடிப்போகும். 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கில், 2014 ஆகஸ்டில் படிவத்தில் கையெழுத்திட்டவர் அடுத்த மாதமே இறந்துபோனார். அவருக்கு ஹெபடைட்டிஸ் சி என்ற கல்லீரல் தொற்று இருந்ததும், படிவத்தில் அது சொல்லப்படாததும் மருத்துவமனை ஆவணங்களிலிருந்து தெரியவந்தன. க்ளெய்மை மறுத்த நிறுவனத்தின் பக்கமே நீதிமன்றம் நின்றது. மறைத்த நோய்க்கும் இறந்த காரணத்துக்கும் தொடர்பில்லை என்ற வாதம் சில வழக்குகளில் எடுபட்டிருப்பதும் உண்மைதான்; 2015இல், முதுகெலும்புத் தேய்மானத்தைச் சொல்லாமல் விட்டு மாரடைப்பில் இறந்தவரின் மனைவிக்குச் சாதகமாக அதே நீதிமன்றம் முடிவு சொன்னது. ஆனால் உச்ச நீதிமன்றம் வரை போய் வாங்க வேண்டிய பணத்தை நம்பி யாரும் பாலிசி எடுப்பதில்லை. 'மெடிக்கல் இல்லாமலே தருகிறோம்' என்று விற்கப்படும் பாலிசிகளுக்கு இது இன்னும் அழுத்தமாகப் பொருந்தும்: அங்கே உங்கள் எழுத்து ஒன்றுதான் ஆதாரம்.

பரிசோதனை நடக்கும் விதத்தைச் சற்று அருகில் நின்று பார்க்கலாம். காலை ஏழு மணிக்கு லேபிலிருந்து ஓர் இளைஞர் வருகிறார். அன்று அவருக்கு இன்னும் நான்கு வீடுகள் பாக்கி. ஆதார் அட்டையைப் படம் எடுத்துக்கொள்கிறார், ரத்தம் எடுக்கிறார், சிறுநீருக்கு ஒரு டப்பாவை நீட்டுகிறார், சோபாவிலேயே படுக்கவைத்து ஈசிஜி எடுத்து முடிக்கிறார். பிறகு ஒரு தாளை நீட்டி, 'இங்க ஒரு கையெழுத்து சார்' என்கிறார். அந்தத் தாளில் இதய நோய், ஆஸ்துமா, அறுவை சிகிச்சை, புகைப்பழக்கம், பெற்றோரின் நோய் என்று இருபதுக்கும் மேற்பட்ட கேள்விகள்; ஒன்றுகூட உங்களிடம் கேட்கப்படாமலே எல்லாவற்றுக்கும் எதிரே 'இல்லை' என்று டிக் விழுந்திருக்கும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருடைய வேலை வேகத்தில் நடக்கிறது. ஆனால் கையெழுத்து உங்களுடையது. தாளை வாங்கிப் படித்து, தவறான டிக்கை அடித்துத் திருத்தி, திருத்திய இடத்திலும் கையெழுத்திட்டு, கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்ட பின்பே திருப்பிக் கொடுக்க வேண்டும்.

இப்போது பல நிறுவனங்கள் இந்தக் கேள்விகளைத் தொலைபேசியிலோ வீடியோவிலோ ஒரு மருத்துவர் மூலம் கேட்கின்றன. அந்த உரையாடல் பதிவாகிறது என்பதை மறந்து, அலுவலக நெருக்கடியில், போக்குவரத்துச் சத்தத்துக்கு நடுவே, 'இல்லை, இல்லை' என்று சொல்லி முடித்துவிடுபவர்கள் பலர். 'தைராய்டு மாத்திரையெல்லாம் ஒரு நோயா?' என்பது உங்கள் கருத்தாக இருக்கலாம். கேட்கப்பட்டது 'ஏதாவது மாத்திரை தினமும் எடுக்கிறீர்களா' என்பதுதான். மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அமைதியான இடத்தில் உட்கார்ந்து பேசுங்கள். வசதிப்படாவிட்டால் வேறு நேரம் கேளுங்கள்.

பரிசோதனையை ஏமாற்றச் செய்யும் முயற்சிகள் பெரும்பாலும் எடுபடுவதில்லை. இரண்டு நாள் சோறும் இனிப்பும் தவிர்த்தால் வெறும் வயிற்றுச் சர்க்கரை சற்று இறங்கலாம். ஆனால் எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை கடந்த மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டிவிடும். புகையிலைக்குச் சிறுநீரில் கோட்டினைன் (நிக்கோட்டின் உடலில் மாறி உருவாகும் பொருள்) பார்க்கிறார்கள்; கடைசி சிகரெட்டுக்குப் பிறகும் சில நாட்கள் அது தங்கும், வாயில் அடக்கும் புகையிலையும் அதே கணக்கில்தான் வரும். ஒரு வாரம் நிறுத்தி அந்தச் சோதனையைத் தாண்டிவிட்டாலும் வெற்றியில்லை. கடந்த 12 மாதத்தில் புகையிலை உண்டா என்று படிவம் கேட்கிறது, புகைக்காதவருக்கான குறைந்த பிரீமியத்தைப் பொய் சொல்லி வாங்கியதாகவே அது முடியும்.

ஏமாற்றும் எண்ணம் இல்லாதவர்களும் தெரியாமல் தங்களுக்கே கெடுதல் செய்துகொள்வதுண்டு. முதல் நாள் இரவு விருந்தும் மதுவும் ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பையும் கல்லீரல் அளவுகளையும் ஏற்றிவிடும். முந்தைய நாள் ஜிம்மில் கடுமையாக உழைத்தால் எஸ்ஜிஓடி (கல்லீரல் பரிசோதனையில் பார்க்கும் ஒரு நொதியின் அளவு) கூடுவதும், காய்ச்சலோடு பரிசோதனைக்கு உட்கார்ந்தால் வெள்ளணுக்கள் எகிறுவதும் வழக்கம். மாதவிலக்கு நாட்களில் சிறுநீரில் ரத்தம் இருப்பதாக வரும். இந்தச் சூழல்களில் நாளைத் தள்ளிவைக்கக் கேட்பதில் தவறேதும் இல்லை. பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம் வெறும் வயிறு என்பது தண்ணீருக்குப் பொருந்தாது. ரத்த அழுத்த மாத்திரையை அன்று நிறுத்துவதும் தவறு. உங்கள் மருத்துவர் வேறுவிதமாகச் சொல்லாதவரை வழக்கம்போல் போடுங்கள். மாடிப்படி ஏறிவந்த வேகத்தில் பார்த்த அழுத்தம் அதிகமாக இருந்தால், ஐந்து நிமிடம் உட்கார்ந்தபின் மறுபடி பார்க்கச் சொல்லி, இரண்டு அளவுகளையும் குறிக்கச் சொல்லுங்கள்.

மாறுபவர்களுக்கே உரிய இன்னொரு தவறு, எப்படியும் விடப்போகிறோமே என்று பழைய பாலிசியைப் படிவத்தில் குறிப்பிடாமல் விடுவது. 2019இல் உச்ச நீதிமன்றம் முடிவு செய்த ஒரு வழக்கில், வேறு நிறுவனத்தில் இரண்டு மாதம் முன்புதான் எடுத்த பாலிசியைச் சொல்லாமல் விட்ட ஒரே காரணத்துக்காக 10 லட்சம் ரூபாய் க்ளெய்ம் மறுக்கப்பட்டது சரியே என்று தீர்ப்பானது. அதுபோலவே, முன்பு எந்த நிறுவனமாவது உங்கள் விண்ணப்பத்தை மறுத்ததா, தள்ளிவைத்ததா, கூடுதல் பிரீமியம் கேட்டதா என்ற கேள்விக்கும் உள்ளபடியே பதில் எழுத வேண்டும். ஒரே நேரத்தில் மூன்று நிறுவனங்களுக்கு விண்ணப்பித்துப் பார்ப்பவர்கள், ஓரிடத்தில் மறுப்பு வந்தால் மற்ற இரண்டுக்கும் அதைத் தெரிவிக்கும் கடமை தங்களுக்கு உண்டு என்பதை யோசிப்பதே இல்லை. ரத்தம் கொடுத்த நாளுக்கும் பாலிசி வழங்கப்படும் நாளுக்கும் இடையில் புதிதாக ஒரு நோய் தெரியவந்தால், அதையும் எழுத்தில் சொல்ல வேண்டும்.

கூடுதல் பிரீமியம் கேட்டு நிறுவனத்திடமிருந்து பதில் வந்தால், உடனே ஒப்புதல் பொத்தானை அழுத்தாமல், எந்தப் பரிசோதனையின் அளவு காரணம் என்று கேட்டு அறிக்கையின் நகலை வாங்கி உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். பழைய பாலிசி உயிரோடு இருந்தால் மட்டுமே இப்படி நிதானமாக யோசிக்க முடியும். பத்திரம் வந்ததும், அதோடு இணைத்திருக்கும் உங்கள் படிவத்தின் நகலில் உடல்நலப் பக்கத்தை எடுத்து, ஏஜென்ட் எழுதியதும் நீங்கள் சொன்னதும் ஒன்றா என்று பாருங்கள். பிழை இருந்தால் நிறுவனத்துக்கு எழுதித் திருத்துங்கள். திருத்த மறுத்தால், பாலிசி பிடிக்காவிட்டால் திருப்பித் தர அனுமதிக்கும் 30 நாள் ஃப்ரீ லுக் காலத்துக்குள் அதைத் திருப்பிக் கொடுத்து, பரிசோதனைச் செலவும் முத்திரைக் கட்டணமும் காப்பு இருந்த நாட்களுக்கான தொகையும் போக மீதிப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம். பழைய பாலிசியின் அடுத்த தவணையைக் கட்டுவதா வேண்டாமா என்ற கேள்வியை அந்த 30 நாளுக்குப் பிறகு எடுத்துக்கொள்ளுங்கள்.