மாண்டல்பிராட் உருவத்துக்குள் புகுந்து பார்க்க ஒரு சின்னக் கருவி

அக்கா மகள் இங்கே சிங்கப்பூரில் தொடக்கக் கல்லூரியில் எச்2 கணிதம் (ஏ நிலைப் பாடம்) படிக்கிறாள். கலப்பெண் (மெய்ப்பகுதி, கற்பனைப் பகுதி என இரண்டு பகுதி கொண்ட எண்) பாடம் வந்ததும், "இதை வச்சு என்ன மாமா செய்யலாம்?" என்று கேட்டாள். ஒரு சனிக்கிழமை எங்கள் தோ பாயோ வீட்டில் உட்கார்ந்து இருவருமாக, கலப்பெண்களால் வரையும் மாண்டல்பிராட் உருவத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும் இந்தக் கருவியைச் செய்தோம். பிரவுசரும் ஓர் எடிட்டரும் போதும். ஜாவாஸ்கிரிப்ட் கொஞ்சம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

600க்கு 480 பிக்சலில் ஒரு கேன்வாஸ் (பிரவுசரில் படம் வரையும் பரப்பு) போடுங்கள். ஒரு பிக்சலின் அளவு 0.005, இடது ஓரம் -2.2, மேல் ஓரம் 1.2. 1980ல் ஐபிஎம்மில் இருந்தபோது பெனுவா மாண்டல்பிராட் கணினியில் வரைந்து பார்த்த அந்த உருவம் முழுசாக இதற்குள் அடங்கும்.

ஒவ்வொரு பிக்சலும் ஒரு கலப்பெண்: கிடைவாட்டில் மெய்ப்பகுதி, மேல்கீழாகக் கற்பனைப் பகுதி. பூஜ்யத்தில் தொடங்கி, வர்க்கப்படுத்தி அந்தக் கலப்பெண்ணைக் கூட்டுங்கள். வந்ததை மறுபடி வர்க்கப்படுத்தி, மறுபடி கூட்டுங்கள். மட்டு (பூஜ்யத்திலிருந்து உள்ள தூரம்) 2ஐத் தாண்டியதும் நிறுத்தி, அது எத்தனையாவது சுற்றோ அதற்கேற்ற நிறம் கொடுங்கள். 200 சுற்றிலும் தாண்டாவிட்டால் கறுப்பு. கற்பனைப் பகுதியைக் கணக்கிடும்போது மெய்ப்பகுதியின் பழைய மதிப்புதான் வேண்டும். அதைத் தனியே எடுத்து வையுங்கள்.

வரைவதற்கு நூலகம் எதுவும் வேண்டாம் என்பது என் கட்சி. 288,000 பிக்சலையும் ஒரே பட்டியலில் நிரப்பி, ஒரே தடவையில் கேன்வாஸில் கொட்டுங்கள். ஒவ்வொன்றையும் குட்டிச் சதுரமாக வரைந்தால் இழுத்து இழுத்துத்தான் வரும்.

சரி, இப்போது ஜூம். என் சாயங்காலம் முழுவதையும் தின்றது இதுதான். "நான் வாலைத்தானே காட்டினேன், ஏன் ஓடிப்போகுது?" என்றாள் அக்கா மகள். அளவை மட்டும் சுருக்கினால் இடது மேல் மூலை அப்படியே நிற்கும், மற்றதெல்லாம் வலப்பக்கம் கீழே நழுவும். சுட்டிக்கு அடியில் உள்ள புள்ளி அசையக்கூடாது என்றால் இப்படி எழுத வேண்டும் (மாறிகளுக்குத் தமிழ்ப் பெயர் வைத்தாலும் ஜாவாஸ்கிரிப்ட் ஓடும்):

புள்ளி = இடது + சுட்டி * அளவு
அளவு = அளவு * 0.8
இடது = புள்ளி - சுட்டி * அளவு

வரிசை முக்கியம். நான் அளவை முதலில் மாற்றிவிட்டு அப்புறம் புள்ளியைக் கணக்கிட்டேன். அப்படிச் செய்தால் கூட்டியதும் கழித்ததும் ஒன்றாகி, இடது மாறவே மாறாது. ஓர் எண்ணை வைத்துப் பாருங்கள்: சுட்டி 290ல் இருந்தால் புள்ளி -0.75. அளவு 0.004 ஆனதும் இடது -1.91 ஆக வேண்டும். மேல் ஓரத்துக்கும் இதே கணக்குதான். ஆனால் பிக்சல் வரிசை மேலிருந்து கீழே எண்ணப்படுவதால் கூட்டலும் கழித்தலும் இடம் மாறும்.

பின்சேர்க்கை: எம்ஆர்டி ரயிலில் கைப்பேசியில் திறந்தவர்கள், தொட்ட இடம் ஒன்று, பெரிதாகும் இடம் வேறு என்றார்கள். 600 பிக்சல் கேன்வாஸ் திரையில் 300ஆகச் சுருங்கித் தெரிவதுதான் காரணம். தொட்ட இடத்தைக் கேன்வாஸின் உண்மை அகலத்தால் பெருக்கி, திரையில் தெரியும் அகலத்தால் வகுத்துக்கொள்ளுங்கள்.

ஆழம் போகப் போகச் சுற்றை 1,000க்கு மேல் ஏற்றுங்கள், இல்லாவிட்டால் கறுப்பு அப்பிக்கொள்ளும். பத்து லட்சம் கோடி மடங்கை நெருங்கும்போது படம் கட்டம் கட்டமாக உடையும். ஜாவாஸ்கிரிப்ட் எண்ணில் சுமார் 16 இலக்கம்தான் நிற்கும் என்பதால் அது உங்கள் பிழை அல்ல. முதல் ஜூமுக்கு 290, 220 பிக்சலில் சுட்டியை வையுங்கள். கடல்குதிரை வால்கள் சுருண்டு கிடக்கும் பள்ளத்தாக்கு அங்கேதான்.