ஆப்பிரிக்க மொழிகளை வகுப்பில் நடத்த ஒரு வழி

கோத்தகிரிப் பக்கம் ஒரு பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். ஆப்பிரிக்கா பாடம் வந்ததும் யாராவது ஒரு பிள்ளை கேட்டுவிடும்: "டீச்சர், அங்க என்ன பாஷை பேசுவாங்க?" சுமார் 2,000 மொழிகள், நைஜீரியாவில் மட்டுமே 500க்கு மேல் என்று போர்டில் எழுதலாம். மணி அடிப்பதற்குள் மறந்துபோகும். அதனால் நான் வகுப்பிலிருந்தே ஆரம்பிப்பேன்.

போர்டில் மூன்று பத்தி போடுங்கள்: வீடு, கடைத்தெரு, பள்ளி. வீட்டில் படுகு, கடையில் தமிழ், புத்தகத்தில் இங்கிலீஷ் என்று ஒருத்தி சொல்வாள். இருளர் வீட்டுப் பையன் முதலில் தலையைக் குனிந்துகொள்வான். அவசரப்படுத்தாதீர்கள், பக்கத்து பெஞ்ச் சொல்லி முடித்ததும் தானே சொல்வான். கூடலூரிலிருந்து வந்த பிள்ளை இருந்தால் மலையாளமும் சேரும். இதற்குக் கீழேயே கென்யாவின் கிசுமு நகரத்துப் பிள்ளையை எழுதுங்கள்: வீட்டில் லுவோ, சந்தையில் சுவாஹிலி, பள்ளியில் இங்கிலீஷ். இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது. இத்தனை பாஷையை வைத்துக்கொண்டு எப்படிப் பிழைக்கிறார்கள் என்று அதன்பிறகு யாரும் கேட்பதில்லை.

அடுத்தது வரைபடம். கடையில் அவுட்லைன் மேப் கேட்டால் நாட்டு எல்லை போட்டதைத்தான் எடுத்து நீட்டுவார்கள். அது வேண்டாம், ஆறு, மலை மட்டும் உள்ளதை வாங்குங்கள். அந்த எல்லைகளில் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பியர்கள் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டவை. மொழிகள் அவற்றுக்குள் அடங்குவதில்லை.

நாடு வாரியாக இல்லாமல் மொழிக் குடும்பம் வாரியாக, அதாவது ஒரே மூல மொழியிலிருந்து பிரிந்தவற்றுக்கு ஒரே நிறமாக, வண்ணம் தீட்டச் சொல்லுங்கள். வடக்கிலும் எத்தியோப்பியா, சோமாலியா பக்கமும் ஆப்பிரிக்க-ஆசியக் குடும்பம்: அரபு, பெர்பர், அம்ஹாரிக், ஒரோமோ, சோமாலி. சூடான், சாடு, கென்யா பக்கம் திட்டுத்திட்டாக நைல்-சஹாரா: டிங்கா, மாசாய், லுவோ. செனகலில் தொடங்கித் தென்கோடி வரை நைஜர்-காங்கோ: வோலோஃப், யொரூபா, சுவாஹிலி, சூலு. நைஜீரியாவில் கொஞ்சம் நின்று நடத்துங்கள். நம் மலையில் தோடர், கோத்தர், படுகர், இருளர், குறும்பர் பேச்சு ஒன்றுக்கொன்று புரியாவிட்டாலும் எல்லாம் திராவிடக் குடும்பம்தான். அங்கே வடக்கே பேசும் ஹவுசாவும் தென்மேற்கே பேசும் யொரூபாவும் ஒரே நாட்டு மொழிகள், ஆனால் வேறு வேறு குடும்பம். மடகாஸ்கருக்குத் தனி வண்ணம் கொடுங்கள். அந்தத் தீவின் மலகாசி மொழிக்கு நெருங்கிய சொந்தம் இந்தியப் பெருங்கடலைத் தாண்டி போர்னியோவில் இருக்கிறது. விரலை வைத்து அந்தத் தூரத்தைக் காட்டினால் வகுப்பே வாயைப் பிளக்கும்.

தெற்கே சில புள்ளிகள் மிஞ்சும்: நாக்கைச் சொடுக்கிப் பேசும் கொய், சான் மக்களின் மொழிகள். அமெரிக்க மொழியியலாளர் ஜோசப் கிரீன்பெர்க் 1963இல் இவற்றை ஒரே குடும்பமாக வைத்தார். பழைய கைடுகளில் அப்படித்தான் இருக்கும். இன்று பெரும்பாலான மொழியியலாளர்கள் ஒத்துக்கொள்வதில்லை. ஒரே நிறத்தை அப்பிவிட வேண்டாம்.

சொடுக்கொலியைச் சொல்லிக் கொடுப்பது சுலபம். பாவம் பார்த்து உச்சுக் கொட்டச் சொல்லுங்கள். மண்டேலாவின் தாய்மொழியான சோசாவில் அது ஒரு முழு மெய்யெழுத்து. கடைவாய்ப் பக்கம் நாக்கை இழுத்துக் குதிரையை விரட்டுகிற சத்தம் இன்னொன்று. இந்த ஐந்து நிமிஷம் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள், பக்கத்து வகுப்பிலிருந்து ஆள் வந்துவிடும். சோசா நைஜர்-காங்கோ குடும்பத்தின் பாண்டு கிளையைச் சேர்ந்தது, சொடுக்கொலிகள் அக்கம்பக்கத்துக் கொய், சான் மொழிகளிலிருந்து வந்தவை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

நேரம் இருந்தால் அம்ஹாரிக் எழுத்தைப் பிரிண்ட் எடுத்து ஒட்டுங்கள். ஒவ்வொரு மெய்க்கும் உயிருக்குத் தக்கபடி ஏழு வடிவம். க, கா, கி எழுதிப் பழகின கைக்கு அது சட்டென்று பிடிபடும்.

சார்ட்டை மட்டும் நேராகச் சுவரில் ஒட்டாதீர்கள். ஆடி மழையில் ஈரம் இறங்கிக் கலரெல்லாம் ஒன்றாகிவிடும். பின்னால் அட்டை வைத்து ஆணியில் மாட்டுங்கள்.