கனவு காரைத் தள்ளிப்போடும் தவறுகள்: வட சென்னைக்காரர்களுக்கு ஒரு கணக்கு

எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்குப் புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு போகும் நீளமான டிரெய்லர்கள் நம் பக்கத்தில் அடிக்கடி கண்ணில் படும். அதைப் பார்த்தே வளர்ந்த திருவொற்றியூர், மணலி, மீஞ்சூர்ப் பிள்ளைகளுக்கு ‘நம்ம வீட்டு வாசலிலும் ஒன்று நிற்கணும்’ என்ற ஆசை வராவிட்டால்தான் ஆச்சரியம். அந்த ஆசையைத் தப்பு என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ‘கார் வேஸ்ட், அந்தக் காசை ஃபண்டில் போடு’ என்று சொல்வது சுலபம். நடு ராத்திரியில் அம்மாவை ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆட்டோ கிடைக்காமல் தெருமுனையில் நின்றவர்களிடம் அதைச் சொல்ல முடியாது.

ஆனால் ஆசைப்பட்டு எடுத்த வண்டியைத் தவணை கட்ட முடியாமல் திருப்பிக் கொடுத்த குடும்பங்களும் நம் தெருக்களில் இருக்கின்றன. அவர்கள் கதையைக் கேட்டால் அடியில் இருப்பது பெரும்பாலும் ஒரே தவறுதான். வருமானத்தைக் கணக்குப் போடும்போது நல்ல மாதத்தை எடுத்துக்கொண்டார்கள். செலவைக் கணக்குப் போடும்போது ஷோரூம் விலையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

ஓ.டி. காசை நம்பித் தவணை போடுவது

மணலி ஆலைகளில் ஷட்டவுன் வேலை, அதாவது ஆலையை நிறுத்திவைத்துப் பழுதுபார்க்கும் வேலை, வந்தால் ஒப்பந்தத் தொழிலாளர் கையில் காசு புரளும். சட்டப்படி ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் உண்டு. மாதம் 24,000 ரூபாய் வாங்கும் ஒரு ஃபிட்டர் அந்தச் சமயத்தில் 40,000 வரை பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த மாதம் பார்த்துத்தான் ஷோரூமிலிருந்து போன் வரும். ‘13,000 தவணைதானே, கட்டிடலாம்’ என்று தோன்றும். ஷட்டவுன் முடிந்ததும் சம்பளம் பழையபடி 24,000. தவணை அதே 13,000. வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம் எல்லாம் மீதி 11,000-க்குள் அடங்க வேண்டும். அடங்காது.

காசிமேட்டில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போக முடியாது. படகு உரிமையாளர், படகில் போகிறவர், ஏலம் எடுப்பவர், ஐஸ் கட்டி ஏற்றுபவர் என எல்லோருக்கும் அந்த இரண்டு மாதமும் வரவு படுத்துவிடும். இஎம்ஐக்கு மீன்பிடித் தடைக்காலம் கிடையாது. ஜூலையிலிருந்து கிடைக்கும் காசைப் பார்த்து வண்டி எடுப்பவர் மே மாதத் தவணைக்கு என்ன செய்வார் என்று அப்போதே யோசிக்க வேண்டும்.

அதனால் ஒரு வேலை செய்யுங்கள். கடைசி பன்னிரண்டு மாதப் பாஸ்புக்கை எடுத்து வைத்துக்கொண்டு, எந்த மாதம் வரவு ரொம்பக் குறைவோ அதைச் சுழியுங்கள். கார் விஷயத்தில் அதுதான் உங்கள் சம்பளம். தவணை, பெட்ரோல், சர்வீஸ், இன்சூரன்ஸின் மாதப் பங்கு எல்லாம் சேர்ந்து அதில் கால்வாசிக்குள் நிற்க வேண்டும் என்பது என் கணக்கு. 24,000-க்கு அது 6,000. அதில் புதுக் கார் எடுக்க முடியாது, ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிடுகிறேன். அப்படியானால் முதலில் சம்பளம் ஏற வேண்டும்.

ஒரே படியில் பத்து வருஷம் நிற்பது

சிக்கனத்தால் மட்டும் கார் வாங்கிவிட முடியும் என்று நினைப்பதும் ஒரு தவறுதான். டீயைக் குறைத்து மிச்சம் பிடிக்கும் காசில் டயர் வாங்கலாம். வண்டி வாங்குவதற்குத் தொழிலில் அடுத்த படி ஏற வேண்டும், நம் பகுதியில் அந்தப் படிகள் இருக்கின்றன.

வெல்டிங் தெரிந்த பையன்கள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. கேட், கிரில் அடிக்கிற வெல்டருக்கும் சிக்ஸ்-ஜி தேர்ச்சி பெற்ற பைப் வெல்டருக்கும் கூலியில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. சிக்ஸ்-ஜி என்றால் 45 டிகிரி சாய்வில் அசையாமல் பொருத்திய குழாயைச் சுற்றிச் சுற்றி வெல்டிங் செய்து, அந்த இணைப்பு சோதனையில் தேற வேண்டும். சுத்திகரிப்பு ஆலை, அனல்மின் நிலையம், கப்பல் கட்டும் தளம் எதிலும் அந்த ஆளுக்கு மதிப்பு. வளைகுடா வேலைக்கும் அதுதான் சாவி. பயிற்சிக்குக் கொஞ்சம் காசும் சில மாதங்களும் போகும். பைக்கை மாற்ற வைத்திருக்கும் காசை இதில் போடுங்கள்.

ராஜாஜி சாலை கஸ்டம் ஹவுஸுக்கு ஃபைலைத் தூக்கிக்கொண்டு போய்வரும் பையன்களுக்கும் இதையேதான் சொல்வேன். கஸ்டம்ஸ் புரோக்கரின் ஆளாகப் போய்வரத் தரும் அடையாள அட்டைதான் எச் கார்டு; அதோடு ஓடிக்கொண்டே இருப்பதற்குத் தேர்வு தேவையில்லை. அதற்கு மேல்படியான ஜி கார்டுக்குத் தேர்வு எழுத வேண்டும். அதை எழுதித் தேறினால் அலுவலகத்தில் உங்கள் இடமே வேறு. கண்டெய்னர் யார்டில் டிரெய்லர் ஓட்டுகிறவருக்கு கிரேன் ஆபரேட்டர் பயிற்சி அந்த மாதிரி ஒரு படி.

இன்னொன்று, கான்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் பிஎஃப் பணத்தைத் துடைத்து எடுப்பது. பிஎஃப் கணக்குக்கான யுஏஎன் எண் ஒன்றுதான், கம்பெனி மாறினாலும் கூடவே வரும். ஐந்து வருஷத் தொடர் சேவைக்கு முன்னால் எடுத்தால் அந்தத் தொகைக்கு வரியும் வரலாம். சம்பளத்தில் பிடித்த காசு உண்மையிலேயே கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பாஸ்புக்கில் பார்க்கும் பழக்கமும் வேண்டும்.

காகிதத்தில் வருமானம் இல்லாமல் இருப்பது

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். காசிமேடு மீன் வியாபாரியாகட்டும், வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு ஜவுளிக்காரராகட்டும், கையில் நல்ல காசு ஓடும். ஆனால் எல்லாம் ரொக்கம். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ததில்லை, வங்கிக் கணக்கில் பரிவர்த்தனையும் இல்லை. வங்கிக்குப் போனால் இரண்டு வருஷ ஐடி ரிட்டர்ன் கேட்பார்கள். இல்லை என்றதும் ‘சாரி சார்’. அங்கிருந்து நேராகத் தனியார் ஃபைனான்ஸ்.

அங்கே ‘எட்டு பர்சென்ட்தான் வட்டி’ என்பார்கள். கேட்க வங்கியைவிடக் குறைவாகத் தெரியும். அது பிளாட் வட்டி. 5 லட்சம் கடன், 5 வருஷம், 8 சதவீதம் பிளாட் என்றால் வட்டி வருஷத்துக்கு 40,000 வீதம் 2 லட்சம். மொத்தம் 7 லட்சத்தை 60 மாதத்தால் வகுத்தால் தவணை 11,667 ரூபாய். நீங்கள் அசலைக் கட்டிக் கட்டிக் குறைத்துக்கொண்டே வருவீர்கள், ஆனால் வட்டி கடைசி மாதம் வரை முழு 5 லட்சத்துக்கும் போட்டதாகவே இருக்கும். வங்கி போடுவது போலக் குறையும் அசலுக்கு வட்டி என்று மாற்றிக் கணக்குப் பார்த்தால் இது 14 சதவீதம். ‘எட்டு’ என்று சொன்னது பதினான்கு. யாராவது வட்டி விகிதம் சொன்னால் ‘பிளாட்டா, குறையும் அசலுக்கா?’ என்று கேளுங்கள். பதில் மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஆகவே கார் எடுக்க ஆசை இருந்தால் இந்த வருஷமே கணக்குத் தாக்கல் செய்ய ஆரம்பியுங்கள். விற்பனைக் காசை வங்கியில் போட்டு எடுங்கள். இரண்டு வருஷத்தில் உங்களைப் பற்றி வங்கிக்கு ஒரு கணக்குத் தெரிந்துவிடும். கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று காட்டும், 300 முதல் 900 வரை போகும் சிபில் மதிப்பெண்ணில் 750-க்கு மேல் இருந்தால் பேச்சே வேறு. போன் தவணையைத் தவறவிட்டு, ‘ரெண்டாயிரம்தானே’ என்று விட்டவர்கள் கார் கடனில் வந்து மாட்டுவார்கள். நண்பனுக்காக ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் அவன் கட்டாததும் உங்கள் மதிப்பெண்ணில்தான் விழும்.

முன்பணத்துக்கு நகையை வைப்பது

முன்பணம் சேரவில்லை, சரி, வீட்டில் இருக்கும் செயினை அடகுக் கடையில் வைக்கலாம் என்று போகிறார்கள். நூற்றுக்கு இரண்டு வட்டி என்றால் வருஷத்துக்கு 24 சதவீதம். ஒரு பக்கம் கார் தவணை, இன்னொரு பக்கம் நகை வட்டி. பெரும்பாலும் நகை மூழ்கும். தெருச் சீட்டும் இதே ரகம்தான். 1982-ஆம் வருஷச் சிட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்யாத சீட்டில், நடத்துபவர் வீட்டைக் காலி செய்துகொண்டு போனால் கையில் ஒரு நோட்டுப் புத்தகம்தான் மிஞ்சும். பதிவு செய்த சீட்டிலும் முதல் சில மாதங்களில் தள்ளி எடுத்தால் அது சேமிப்பு ஆகாது, கடன்.

நான் சொல்லும் வழி இது: வண்டி எடுப்பதற்கு முன்னாலேயே தவணை கட்டிப் பாருங்கள். மாதம் 12,000 உங்களால் கட்ட முடியும் என்று நம்பினால் அதை வங்கி ஆர்டியில், அதாவது மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பில், போடுங்கள். ஆறரை சதவீத வட்டியில் மூன்று வருஷத்தில் நாலே முக்கால் லட்சம் வாக்கில் சேரும். நடுவில் நாலைந்து மாதம் கட்ட முடியாமல் போனால், அந்தக் காருக்கு இன்னும் நேரம் வரவில்லை என்று உங்களுக்கே தெரிந்துவிடும், அதுவும் வண்டியை இழக்காமல்.

முன்பணம் அதிகமானால் கடன் காலமும் சுருங்கும். 8 லட்சம் கடனை ஒன்பதரை சதவீதத்தில் 7 வருஷம் கட்டினால் தவணை சுமார் 13,100, வட்டி மட்டும் 3 லட்சத்தை ஒட்டி வரும். 4 வருஷத்தில் கட்டினால் தவணை 20,100, வட்டி சுமார் 1 லட்சத்து 65 ஆயிரம். 7 வருஷக் கடனில் மூன்று வருஷம் ஒழுங்காகக் கட்டிய பிறகும் 5 லட்சத்து 20 ஆயிரம் பாக்கி நிற்கும். அதற்குள் இன்சூரன்ஸ்காரர்கள் வண்டி மதிப்பில் 40 சதவீதத்தைக் கழித்துவிடுவார்கள். ‘குறைந்த தவணை’ என்று விளம்பரத்தில் பார்த்தால் பக்கத்தில் எத்தனை வருஷம் என்று பாருங்கள்.

ஷோரூம் விலையோடு கணக்கை முடிப்பது

தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் வாழ்நாள் சாலை வரி ஏறியது. புதுக் காருக்கு 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10-ஐத் தாண்டினால் 20 லட்சம் வரை 18 சதவீதம். 9 லட்சத்து 90 ஆயிரம் ரூபாய் காருக்கு வரி 1,28,700. ‘இன்னும் முப்பதாயிரம்தானே, சன்ரூஃப் மாடலுக்குப் போயிடலாம்’ என்று 10 லட்சத்து 20 ஆயிரத்துக்குப் போனால் வரி 1,83,600. அந்த முப்பதாயிரத்தோடு இன்னொரு ஐம்பத்தைந்தாயிரம் போகிறது.

இன்சூரன்ஸில் மிச்சம் பிடிப்பதை வட சென்னைக்காரர்கள் செய்யவே கூடாது. 2015 டிசம்பரையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்தவர்கள் நாம். கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்பது நமக்குப் புதுசு இல்லை. தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து இன்ஜினுக்குள் தண்ணீர் ஏறினால், சாதாரண முழுக் காப்பீட்டில் அந்தச் செலவு பெரும்பாலும் கிடைக்காது. இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாக ஒரு கூடுதல் காப்பீடு உண்டு, அதை எடுங்கள். எடுத்திருந்தாலும் நனைந்த வண்டியில் சாவியைத் திருப்பாதீர்கள், இழுத்துக்கொண்டுபோய் சர்வீஸில் விடுங்கள். கடலோரத் தெருக்களில் உப்புக்காற்றால் அடிப்பாகம் துருப்பிடிக்கும், அதற்கும் வருஷத்துக்கு ஒரு தொகை ஒதுக்குங்கள். ராயபுரத்துச் சந்துகளில் வண்டி நிறுத்த இடமில்லை என்றால் வாடகைக்கு இடம் பிடிப்பதும் மாதச் செலவுதான்.

பழைய காரைக் கேவலமாக நினைப்பது

கனவு இன்னோவாவாகவே இருக்கட்டும், முதல் வண்டி அதுவாக இருக்க வேண்டியதில்லை. மூன்று நான்கு வருஷம் ஓடிய சின்னக் காரில் ஆரம்பித்தால், விலை வீழ்ச்சியின் பெரிய அடியை முதல் சொந்தக்காரர் வாங்கியிருப்பார். வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று மட்டும் நன்றாகப் பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து அடியில் சேற்றுக் கறை இருக்கிறதா, தரை விரிப்பைத் தூக்கினால் மக்கிய வாசனை வருகிறதா, சீட்டுக்கு அடியிலுள்ள இரும்பில் துரு இருக்கிறதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

அந்த முதல் வண்டிக்கு வாங்கிய கடனை முடித்த பிறகு ஒரு வேலையைப் பலரும் மறக்கிறார்கள். ஆர்சியில் வங்கியின் பெயர் அப்படியே நிற்கும். வங்கி தரும் என்ஓசியையும் படிவம் 35-ஐயும் ஆர்டிஓவில் கொடுத்து எச்.பி. (ஆர்சியில் உள்ள கடன் குறிப்பு) கேன்சல் செய்ய வேண்டும், இன்சூரன்ஸ் பாலிசியிலும் வங்கிப் பெயரை நீக்கச் சொல்ல வேண்டும். இதை விட்டுவிட்டு, பெரிய வண்டிக்கு மாறும்போது பழையதை விற்கப் போனால், வாங்க வந்தவர் ஆர்சியைப் பார்த்துவிட்டு அட்வான்ஸைத் திருப்பிக் கேட்பார்.