கறித்தூள் கடைக்கு ஏஐ: எங்கே ஆரம்பிப்பது?

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்களுக்கு ஒரு சின்ன மசாலை மில். மிளகாய், மல்லி அரைத்துக் கொடுப்போம், கறித்தூள் பாக்கெட் போட்டு விற்போம். சுற்றியிருக்கும் தோட்டங்களில் பால்மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை வந்து, லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில் இருந்தவர்கள் தாமான் என்கிற குடியிருப்புப் பகுதிகளுக்குக் குடிபோய், பாதி ஆர்டர் இப்போது வாட்சப்பில்தான் வருகிறது. சம்பளம் போட்ட வாரத்தில் ஒரு கையில் தராசுத் தட்டு, மறுகையில் கைப்பேசி என்று அல்லாடித்தான் இந்த ஏஐ, அதாவது செயற்கை நுண்ணறிவு, பக்கம் வந்தேன். கணினி படித்தவள் இல்லை. நான் செய்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் எந்தச் செயலியையும் இறக்காதீர்கள். ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து, ஒரு வாரம் வாடிக்கையாளர் கேட்பதையெல்லாம் குறித்து வையுங்கள். எனக்கு வந்ததில் முக்கால்வாசி நாலே கேள்வி: கடை திறந்திருக்கா, மீன் கறித்தூள் கிலோ என்ன விலை, வேன் எப்போது வரும், நாங்களே மிளகாய் கொண்டுவந்தால் அரைத்துத் தருவீர்களா. இந்த நாலுக்கும் ஏஐ தேவையே இல்லை. கடைக்காரர்களுக்கென்று இருக்கும் வாட்சப் பிசினஸில் விரைவுப் பதில் வசதி இலவசமாகவே இருக்கிறது. பதிலை ஒருமுறை எழுதிச் சேமித்துவிட்டால், சாய்கோடும் ஒரு சொல்லும் தட்டியதும் வந்து விழும். ஏஐ பற்றி எழுத வந்தவள் இப்படிச் சொல்லலாமா என்றால், என்ன செய்வது, என் தலைவலி பாதி குறைந்தது இதில்தான்.

மிச்சத்தில் ஒரே ஒரு வேலையை மட்டும் எடுங்கள். நான் எடுத்தது பண்டிகை அறிவிப்பு எழுதுவது, அதுவும் மலாயில். பேசும்போது என் மலாய் நன்றாக ஓடும், எழுதினால் நொண்டும். கேட்டால் எழுதித் தரும் ஏஐ செயலிகளில் சாட்ஜிபிடியோ ஜெமினியோ, இலவசக் கணக்கே இதற்குப் போதும்.

அப்புறம் ஒரு 'கடைத்தாள்' தயார் செய்யுங்கள். அவசரப்படாமல் உட்கார்ந்து எழுத வேண்டியது இதுதான். கடை நேரம், ஒவ்வொரு தூளுக்கும் எடையும் ரிங்கிட் விலையும், வேன் போகும் கிழமை, போகும் இடங்கள், முக்கியமாக நீங்கள் எதையெல்லாம் செய்வதில்லை என்பது. முன்னால் உள்ள சொற்களைப் பார்த்து அடுத்து எது வரும் என்று கணித்து எழுதிக்கொண்டே போவதுதான் இந்த ஏஐயின் வேலை. உங்கள் கடையைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது, தெரியாத இடத்தில் நிற்காமல் எதையாவது போட்டு நிரப்பிவிடும். போன தீபாவளிக்குத் தாள் எதுவும் கொடுக்காமல் ஓர் அறிவிப்பு கேட்டேன். அழகாகத்தான் எழுதியது, 'வீட்டுக்கே இலவசமாகக் கொண்டுவந்து தருவோம்' என்ற ஒரு வரியையும் தானாகச் சேர்த்து! நானும் சரியாகப் படிக்காமல் அனுப்பிவிட்டேன். சாயங்காலமே ஓர் அம்மா, "ஏம்மா, எங்க வீட்டுக்கு எப்ப கொண்டாருவீங்க?" என்று கேட்டுவிட்டார். பதினொரு வீட்டுக்கு வேன் ஓட்டிய என் வீட்டுக்காரர் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார். தமிழில் கேட்டால் விலையை ரூபாயில் போடும், அது வேறு கூத்து.

பெரிய கம்பெனியும் இதில் மாட்டியிருக்கிறது. துக்க காலப் பயணக் கட்டணச் சலுகை பற்றி ஏர் கனடா விமான நிறுவனத்தின் அரட்டை பாட் (கேள்விக்குத் தானாகப் பதில் எழுதும் நிரல்) ஒரு பயணிக்குத் தப்பாகச் சொல்லிவிட, பாட் சொன்னதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்று நிறுவனம் வாதாடியது; 2024 பிப்ரவரியில் கனடாத் தீர்ப்பாயம் அதை ஏற்காமல் பயணிக்கு இழப்பீடு கொடுக்கச் சொன்னது.

இப்போது கட்டளை. நான் போடுவது இதுதான், அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்: "கீழே உள்ள கடைத்தாளை மட்டும் வைத்து எளிய மலாயில் ஆறு வரிக்குள் ஓர் அறிவிப்பு எழுது. தாளில் இல்லாத சலுகை, விலை, தேதி எதையும் சேர்க்காதே. ஏதாவது தெரியவில்லை என்றால் என்னிடம் கேள்." இதற்குக் கீழே கடைத்தாளையும், நீங்கள் முன்பு எழுதிய இரண்டு அறிவிப்புகளையும் ஒட்டுங்கள். உங்கள் பேச்சு வாடை அதில் கொஞ்சம் ஒட்டும். இப்படிச் சொன்னாலும் சில நேரம் மீறும், அதனால் வந்ததில் உள்ள எண்களை ஒவ்வொன்றாக விரல் வைத்துத் தாளோடு சரிபாருங்கள். மொத்தக் கணக்கை மட்டும் அதனிடம் விடாதீர்கள், கல்குலேட்டர் இருக்கிறது.

கடன் புத்தகத்தைப் படம் பிடித்து ஏஐயில் போட்டுக் கூட்டச் சொல்கிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். வாடிக்கையாளரின் பெயர், தொலைபேசி எண், ஐசி (அடையாள அட்டை) எண் எதையும் அதில் ஒட்டாதீர்கள். வியாபாரத்தில் வாங்கும் இந்த விவரங்களுக்கு நம் நாட்டில் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சாட்ஜிபிடியின் அமைப்புகளில், உங்கள் உரையாடலை ஏஐயின் பயிற்சிக்குப் பயன்படுத்த அனுமதிக்கும் பொத்தான் உண்டு. முதல் நாளே அணைத்துவிடுங்கள்.

ஏஐக்குப் பணம் கட்டுவதை ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள். மாதாமாதம் கட்டினால் தானாகவே பதில் சொல்லும் பாட் வைத்துத் தருகிறேன் என்று ஒரு தம்பி கடைக்கே வந்தார். சரி, ஒன்று கேட்டுப் பார்ப்போம் என்று, "மிளகாய் கொஞ்சம் ஈரமா இருக்கு, அரைப்பீங்களா?" என்று தட்டினேன். "தாராளமாகக் கொண்டு வாருங்கள்!" என்றது பாட். ஈர மிளகாயைப் போட்டால் மில் அடைத்துக்கொள்ளும், பிரித்துக் கழுவவே அரை நாள் போய்விடும். தம்பிக்கு ஒரு தே தாரேக் (இழுத்து ஆற்றிய தேநீர்) கொடுத்து அனுப்பிவிட்டு, கடைத்தாளில் 'செய்யாதவை' பக்கத்தில் ஈர மிளகாயையும் சேர்த்தேன்.