கண்காணிப்புக் கிணற்றில் நீர்மட்டம் அளப்பது எப்படி?

கடலூர் மாவட்டத்தில் நிலத்தடி நீர் ஒரே அடுக்கில் இல்லை. மேலே ஆற்று வண்டல், கீழே கடலூர் மணற்கல். நெய்வேலியில் நிலக்கரி வெட்ட ஓயாமல் இறைப்பது ஆழத்து அழுத்த நீரை, அதாவது நீர் புகாத அடுக்குக்குக் கீழே அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் நீரை. எனவே உங்கள் கண்காணிப்புக் கிணற்றுக் குழாயின் வடிகட்டி (நீர் உள்ளே வரும் துளையிட்ட பகுதி) எந்த ஆழத்தில் இருக்கிறது என்பதை முதலில் எழுதி வையுங்கள். அது தெரியாத அளவு எதற்கும் உதவாது.

கேசிங் பைப்பின் (கிணற்றுத் துளைக்குள் இறக்கிய குழாயின்) மேல் விளிம்பில் பெயிண்டால் ஒரு குறி இடுங்கள். எப்போதும் அங்கிருந்தே அளக்க வேண்டும். ஸ்டீல் டேப்பின் கடைசி ஒரு மீட்டரில் சாக்பீஸ் தேய்த்து இறக்குங்கள். 15 மீட்டர் கோடு குறியில் நிற்கும்போது 0.62 மீட்டர் நனைந்திருந்தால் நீர் 14.38 மீட்டரில். பைப் தரைக்கு மேல் 0.45 மீட்டர் நீண்டிருந்தால் அதைக் கழியுங்கள்: தரைமட்டத்திலிருந்து 13.93. மறுபடி அளந்து 1 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாம் முறையும் இறக்குங்கள்.

பக்கத்துக் கொல்லையில் மோட்டார் ஓடினால் அன்றைய அளவு பொய். விடியற்காலையில், மும்முனை மின்சாரம் வருவதற்கு முன்பே போய்விடுவது நல்லது.

மழைக்குப் பிறகும் மட்டம் அசையவில்லையா? ஒரு வாளி நல்ல தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஏறிய மட்டம் மணிக்கணக்கில் இறங்காமல் நின்றால் பெரும்பாலும் வடிகட்டி அடைத்திருக்கிறது. கம்ப்ரஸர் வைத்து ஊதச் சொல்லுங்கள்.

கடலோரக் கிணறுகளில் மட்டம் மட்டும் போதாது, நீரின் மின்கடத்துதிறனையும் குறியுங்கள்; உப்பு கூடினால் அதுவும் கூடும். மட்டம் பெரிதாக மாறாமலே உப்பு ஏறலாம்.